மீசைப்புல் ஓடக் கற்ற கதை

அந்தக் காலத்தில் புல்லுக்கும் நண்டுக்கும் பேச்சு இருந்தது. கடற்கரை மணல்மேட்டில் மீசைப்புல் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் குடியிருந்தது. அதன் விதைகள் முள்பந்தாகத் திரண்டு, காய்ந்து, தாயின் மடியிலேயே விழுந்து கிடக்கும்.

மேட்டுக்கு இந்தப் பக்கம் மீனவக் குப்பம். பவளாயி அங்கே கருவாடு காயவைப்பாள், அவள் புருஷன் சிங்காரு வலை உலர்த்துவான். முள் கருவாட்டில் ஏறும், வலையைக் கிழிக்கும். ஒருநாள் தவழ்ந்துகொண்டிருந்த மகளின் முழங்காலிலும் ஏறிவிட்டது. இனிப் பொறுக்க முடியாது என்று பவளாயி குப்பத்தையே கூட்டிக்கொண்டு புல்லைப் பிடுங்க வந்தாள்.

"மணலை நான்தான் பிடிச்சிருக்கேன் தாயி," என்றது புல். "என்னை நம்பி அடும்பங்கொடி படருது. அந்த நிழல்ல நண்டு வளை தோண்டுது. வளை வழியா மழை இறங்கித்தான் உங்க ஊத்துத் தண்ணி இனிக்குது."

"மீசைக்கு வாயைப் பாரு," என்றான் சிங்காரு. எல்லோரும் சிரித்தார்கள். வேரோடு பிடுங்கி எரித்தும் விட்டார்கள்.

அந்தக் கோடையில் வெயில் வழக்கத்தைவிட ஏறியது. அடுத்த கோடையில் இன்னும் ஏறியது. சூடான கடல் உப்பிக்கொண்டு கரையேறியது. பிடிப்பில்லாத மணல் பறந்து சோற்றுப்பானையில் விழுந்தது. அடும்பு கருகியது. நண்டு சொல்லிக்கொள்ளாமலே வளையைக் காலி செய்தது. மேடு கரைந்த இடத்தில் ஒரு புயல்நாள் கடல் தாண்டி வந்து ஊற்றில் இறங்கியது. பவளாயி தண்ணீர் புகட்டினாள். மகள் முகம் சுளித்துத் துப்பினாள். குடிக்க வேறு தண்ணீர் இல்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பவளாயி கரையோரமாகவே நடந்தாள். முகத்துவாரத்தில் ஒரே ஒரு மீசைப்புதர் மிச்சமிருந்தது. திரும்ப வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"எனக்கு ஏது காலு? என் பிள்ளைங்களும் மடியை விட்டு இறங்காதுங்க. பிடுங்குறதுல நீதான் கெட்டிக்காரியாச்சே, பிடுங்கு."

பவளாயி ஒரு முள்பந்தை ஒடித்தாள். உள்ளங்கையில் ரத்தம் வந்தது, விடவில்லை. கடற்காற்றைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

"எங்கே நிறுத்தட்டும்?" என்றது காற்று.

"மணல் எங்கே ஓடுதோ, அங்கே."

பந்து முள்நுனிகளையே காலாக்கி ஓடியது. இளகிய மணலில் குத்தி நின்றது, மழைக்கு முளைத்தது. பவளாயி ஒடித்து ஒடித்துக் கொடுத்தாள். மணல் அடங்கியது. அடும்பு வந்தது. எங்கேயும் போகாததுபோல நண்டும் பக்கவாட்டில் நடந்து வந்தது. ஊற்று இனிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. இனித்த அன்று மகள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, இன்னும் கேட்டாள்.

கடல் இன்னும் உப்பத்தான் செய்கிறது, மேடும் சளைக்காமல் வளர்கிறது. அன்று முதல்தான் மீசைப்புல்லின் முள்பந்து கரையெல்லாம் உருண்டு ஓடுகிறது. வலையில் சிக்கினாலும் குப்பத்துக்காரர்கள் அதை நெருப்பில் போடுவதில்லை, எடுத்துக் காற்றில் விடுகிறார்கள்.