உண்மைக்கு அம்மா கிடைத்த கதை

மிருகங்களோடு சொற்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், லத்தீன் தேசத்து ராஜா ஒரு சட்டம் போட்டான். பொழுது சாய்வதற்குள் எல்லாச் சொற்களும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மூன்று வரிசையில் ஏதாவது ஒன்றில் நிற்க வேண்டும். நிற்காத சொல்லை ஆற்றில் போட்டுவிடுவார்கள். ராஜாவுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது!

குதிரை ஆண் வரிசைக்கு ஓடியது. பூமி பெண் வரிசையில் நின்றது. பாலும் இரும்பும் மூன்றாவதற்குப் போயின. வெரித்தாஸ் மட்டும் தனியே நின்றது. வெரித்தாஸ் என்றால் உண்மை. பாவம், அதற்கு உருவமே கிடையாது, குரல் மட்டும்தான்.

“என் துருவை ஊரெல்லாம் சொன்னாயே, தள்ளிப் போ!” என்று ஆண் வரிசையில் இருந்த வாள் விரட்டியது.

“என்னில் தண்ணீர் கலந்ததைக் காட்டிக் கொடுத்தது யார்?” என்று பால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பூமி மட்டும் கொஞ்சம் இரங்கியது. “‘என் பெண்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் இடம் தருகிறேன்” என்றது.

யார் வருவார்கள்? வெயில் இறங்கிவிட்டது. குரலை அடைத்து ஆற்றில் எறிய, காவலன் மூடி போட்ட ஜாடியோடு வந்தான். உண்மை அழத் தொடங்கியது.

ஆற்றில் கம்பளி அலசிக்கொண்டிருந்த வெலியா என்ற பெண்ணுக்கு அந்த அழுகை கேட்டது. அவள் ஆட்டுரோமம் திருடினாள் என்று ஊரே பழி போட்டபோது, இல்லை என்று சொன்ன ஒரே குரல் அது. ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“தொடாதே! அது என் மகள்!”

காவலன் சிரித்தான். “பொய்யாக இருந்தால் நீயும் ஆற்றில்தான், தெரியுமா?”

“தெரியும்.”

“சரி, அதையே கேட்டுவிடுவோம். ஏய் உண்மை, இவள் உன் அம்மாவா?”

ஊரே நெருங்கி வந்து நின்றது. உண்மைக்குத்தான் பொய் சொல்ல வராதே! அது ‘இல்லை’ என்று சொன்னால் வெலியாவின் கதை முடிந்தது. ஐயோ, அவசரப்பட்டுவிட்டோமே என்று நினைத்தாள்.

“இன்று வரை எனக்கு அம்மா என்று யாரும் இல்லை” என்றது குரல்.

காவலன் வெலியாவின் கையை முறுக்கிப் பிடித்தான்.

“இரு, நான் முடிக்கவில்லை. செத்தாலும் சரி என்று இவள் என்னை மகள் என்றாளே, அப்போதே அம்மா ஆகிவிட்டாள். இனி எனக்கு அம்மா இவள்தான்.”

சொன்னது உண்மை. காவலன் கையை விட்டான், பூமி நகர்ந்து இடம் கொடுத்தது. அதுவரை புதரில் ஒளிந்திருந்த லிபர்த்தாஸ் என்ற சுதந்திரமும் போனித்தாஸ் என்ற நற்குணமும், “அம்மா, எங்களையும்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தன.

“வாங்கடி, எல்லாரும் வாங்க!” என்றாள் வெலியா.

லத்தீனில் ‘தாஸ்’ என்று முடிகிற குணப்பெயர்கள் எல்லாம் பெண்பால் ஆனது அன்றைக்குத்தான். நாம் உண்மையை ‘அது’ என்கிறோம். லத்தீன்காரர்களுக்கு அவள் ‘அவள்’.