கார்ல் வேபர் சட்டை அணிகிறார்

ஜெர்மனியின் ஆற்றங்கரை நகரம் ஒன்றில், பக்கவாத நோயாளிகளுக்கான மருத்துவமனை இருந்தது. அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு மார்த்தாண்டத்திலிருந்து பெனிலா என்ற செவிலியர் மாணவி வந்திருந்தாள். அவளுக்குப் பயிற்சி தந்தவர் மூத்த செவிலியர் மங்களேஸ்வரி, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்.

பெனிலாவின் பொறுப்பில் ஒரு நோயாளி: கார்ல் வேபர், ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். அவருடைய வலக்கை பாதிதான் மீண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவர் முன்னிலையில் அவர் தாமாகச் சட்டை அணிய வேண்டும். அணிந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையேல் முதியோர் இல்லம்.

காலைதோறும் அவர் முதல் பொத்தானோடு போராடுவதைப் பெனிலா இரண்டு நிமிடம் பார்ப்பாள். பிறகு குனிந்து ஐந்து பொத்தான்களையும் தானே போட்டுவிடுவாள். அவளுடைய ஊர் வார்டுகளில் நோயாளிக்கு மகள் சட்டை போடுவாள்; மகள் இல்லாவிட்டால் செவிலியர் போடுவார். அதையே கனிவென்று அவள் கற்றிருந்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய பயிற்சி ஏட்டில் மங்களேஸ்வரி எழுதினார்: ‘நோயாளிக்கு உதவத் தெரியவில்லை.’

பெனிலாவின் கண்கள் கலங்கின.

“மத்த நர்ஸுங்க பேஷண்ட் மணி அடிச்சாத்தான் போறாங்க, சிஸ்டர். நான் கூடவே நிக்கிறேன். சட்டைகூடப் போட்டு விடுறேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?”

“நாளைக்குப் பணிமாற்றக் கூட்டத்தில நீர்தான் வேபரைப் பற்றிச் சொல்ல வேணும். ஜெர்மன் மொழியில.”

“நானா?”

“பின்ன, வேபரோ?”

ஆறு வாக்கியங்களை அவள் மனப்பாடம் செய்தாள். மறுநாள் பணி முடிப்பவர்களும் பணி ஏற்பவர்களுமாகப் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். முதல் வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லுக்காக அவள் நின்றாள். மங்களேஸ்வரி அதை முடித்துவைத்தார். இரண்டாவதை அவள் தொடங்கியதும் அதையும் வாங்கிக்கொண்டார். ஆறும் அப்படியே முடிந்தன. எல்லோரும் மங்களேஸ்வரிக்கு நன்றி சொல்லிக் கலைந்தார்கள்.

நடைவழியில் பெனிலா அவரை மறித்தாள்.

“ஆறு வரியும் எனக்குத் தெரியும், சிஸ்டர். கொஞ்சம் நின்னு நின்னு சொல்லியிருப்பேன். ஏன் என்னைச் சொல்லவே விடல?”

“நீர் கஷ்டப்படுறதைப் பார்க்க எனக்குப் பொறுக்கேல்லை, பிள்ளை.”

பெனிலா பயிற்சி ஏட்டைத் திறந்து, திங்கட்கிழமை எழுதப்பட்ட வரியை மறுபடி படித்தாள்.

புதன்கிழமை அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேபரின் அருகே நின்றாள். அவர் காத்திருந்து பார்த்தார்.

“இன்றைக்கு வேலைநிறுத்தமா?” என்றார்.

“ஆமாம்” என்றாள்.

முதல் பொத்தானுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. வேபர் பொத்தானைத் திட்டினார், தைத்தவனைத் திட்டினார், கடைசியில் அவளையும் திட்டினார். அவள் நகரவில்லை. வியாழக்கிழமை ஐந்து பொத்தான்களுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்காமல் அமர்ந்திருந்தார். வேபர் கடைசிப் பொத்தானையும் மாட்டி நிமிர்ந்தார். மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்திட்டு, அவருடைய வலக்கையைப் பற்றிக் குலுக்கினார்.

பெனிலா அப்போதுதான் கவனித்தாள். இரண்டாம் பொத்தானும் மூன்றாம் பொத்தானும் துளை மாறியிருந்தன. சட்டை நெஞ்சருகே சுருங்கிப் புடைத்திருந்தது. அவள் மங்களேஸ்வரியின் காதருகே குனிந்தாள்.

“ரெண்டு பொத்தான் மாறிப்போச்சு, சிஸ்டர். தெருவில நாலு பேர் பார்ப்பாங்க. அதை மட்டும் சரி பண்ணிடட்டுமா?”

“அவருடைய சட்டை, பிள்ளை” என்றார் மங்களேஸ்வரி. “அவரைக் கேளும்.”