கரடிச் சாமியின் மௌன விரதம்

பூதன் என்ற கரடி மலைத்தேனுக்கு ஆசைப்பட்டுப் பாறை இடுக்கில் தலையை நுழைத்தது. தேனீக்கள் சும்மா விடுமா? மூக்கு, நாக்கு, கண் இமை, வலது உள்ளங்கை என்று ஓரிடம் விடாமல் கொட்டித் தீர்த்தன.

பூதன் அலறிக்கொண்டு ஓடி, ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருந்த குகை வாசலில் போய் விழுந்தது. முகம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. கண்கள் மூடிக்கொண்டன. நாக்கு தடித்துப்போய் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கையைக் கீழே வைத்தால் உயிர்போகிற வலி. அதனால் அதை மேலே தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பக்கமாகச் சிங்காரி என்ற குரங்கு வந்தது. பூதனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"அடடா! மூடிய கண்! பேசாத வாய்! ஆசி கொடுக்கும் கை! நம் காட்டுக்கும் ஒரு முனிவர் வந்துவிட்டார்!"

உடனே கீழே ஓடிப்போய், ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்த மான் கூட்டத்தை அழைத்து வந்தது. கூட்டத்துக்குத் தலைவி கொன்றை என்ற பெண்மான். அது பூதனை உற்றுப் பார்த்தது.

"இந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?"

"முனிவர்கள் முகமே அப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருக்கும்!" என்றது சிங்காரி. பிறகு பணிவாகக் குனிந்து, "சாமி, தாங்கள் எந்த மலையிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டது.

'போங்கள், தொந்தரவு செய்யாதீர்கள்' என்று சொல்லத்தான் பூதன் நினைத்தது. வாயிலிருந்து வந்ததோ, "ம்ம்ம்ம்..."

"கேட்டீர்களா? மந்திரம்! இந்த மலை, அந்த மலை என்ற பேதமெல்லாம் தனக்கு இல்லை என்கிறார்!"

மான்கள் சிலிர்த்துப்போயின. அன்று மாலையே குகை வாசலில் நாவல்பழம் குவிந்தது. மறுநாள் பலாப்பழம் வந்தது.

சில நாட்களில் வீக்கம் வடிந்தது. நாக்கும் சரியாகிவிட்டது. ஆனால் பூதன் வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? மரம் ஏற வேண்டாம், புற்றைத் தோண்ட வேண்டாம். கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பழம் தானாக வருகிறது! வருகிறவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்தே வந்ததால், சாமியின் முகம் பூதன் முகமாக மாறிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. அது கொட்டாவி விட்டால் சிங்காரி ஒரு விளக்கம் சொல்லும். முதுகைச் சொறிந்தால் இரண்டு விளக்கம் சொல்லும்.

சாமியாக இருப்பது இவ்வளவு சுகமா என்று பூதனே வியந்துபோனது.

ஒருநாள் கொன்றை தன் கூட்டத்தோடு வந்தது. கூடவே, நடை பழகி அதிக நாள் ஆகாத அதன் குட்டியும் துள்ளிக்கொண்டு வந்தது.

"சாமி, மேற்கு மலையில் மழை பெய்கிறது. ஆனால் இங்கே ஆற்றில் குளம்பு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது. அக்கரையில் புல் தளதளவென்று இருக்கிறது. நாங்கள் ஆற்றைக் கடக்கலாமா?"

பூதன் அப்போதுதான் ஒரு முழுப் பலாப்பழத்தை முடித்திருந்தது. உண்ட மயக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தது. அதன் தலை மெல்லச் சாய்ந்து மார்பில் இடித்தது.

"தலையசைத்துவிட்டார்! கிளம்புங்கள்!" என்று கூவியது சிங்காரி.

பூதன் கண் விழித்தபோது எதிரே யாரும் இல்லை. மேற்கிலிருந்து ஏதோ உறுமும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து பார்த்தது. ஆற்று வளைவுக்கு அப்பால், வேரோடு மரங்களை உருட்டிக்கொண்டு செந்நிற வெள்ளம் பாய்ந்து வந்தது! கீழே நட்டாற்றில் மான்கள் நடந்துகொண்டிருந்தன. முன்னால் சிங்காரி, கடைசியில் கொன்றையும் குட்டியும். வளைவு மறைத்ததால் அவற்றுக்கு வெள்ளம் தெரியவில்லை.

கத்தினால் மௌனம் போகும். மௌனம் போனால் சாமிப் பட்டம் போகும், பலாப்பழமும் போகும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது வாயை மூடிக்கொண்டு நின்றது. குட்டிமான் தண்ணீரில் குதித்து விளையாடியது.

"ஓடுங்கள்! வெள்ளம் வருகிறது! திரும்பி ஓடுங்கள்!" என்று பூதன் தொண்டை கிழியக் கத்தியது.

மான்கள் திரும்பிப் பார்த்தன. ஆனால் ஓடவில்லை. நட்டாற்றிலேயே முழங்கால் மடித்து வணங்கின!

"சாமி பேசிவிட்டார்! முதல் உபதேசம்!" என்று சிங்காரி ஆனந்தக் கண்ணீர் விட்டது. "வெள்ளம் என்றால் ஆசை வெள்ளம். திரும்பு என்றால் மனத்தை உள்பக்கம் திருப்பு..."

பூதன் தலையில் அடித்துக்கொண்டது. இனிப் பேசிப் பயனில்லை என்று சரிவில் உருண்டு புரண்டு இறங்கியது. பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. அந்த உறுமலுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மான்கள் அலறியடித்துக்கொண்டு கரையேறின. சிங்காரியின் வாலைப் பிடித்து ஒரு கையால் கரைக்கு வீசிய பூதன், மிரண்டு நின்ற குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. அடுத்த நொடி ஆறு முழுவதும் செம்மண் வெள்ளமாகப் புரண்டு ஓடியது.

பிறகு சிங்காரி மெல்ல வாயைத் திறந்தது. "சாமி..."

"நான் சாமி இல்லை. பூதன்! தேனீ கொட்டி வாய் வீங்கிக் கிடந்தேன். அவ்வளவுதான்."

"அப்படியானால் அந்த மந்திரம்?"

"வலி தாங்காமல் முனகினேன்."

"ஐயோ! அதற்கு நான் எத்தனை விளக்கம் சொன்னேன்!"

கொன்றை முன்னால் வந்து நின்றது. "உன் தலையசைப்பை நம்பித்தானே என் பிள்ளையை ஆற்றில் இறக்கினேன்?"

பூதனால் அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "தப்புதான். நாக்கு சரியான அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்."

கொன்றை குட்டியை நக்கித் துடைத்தது. பிறகு, "நானும் குன்றின் மேலிருந்து ஆற்றை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்" என்றது.

அதன்பிறகு குகை வாசலுக்குப் பழம் எதுவும் வரவில்லை. பூதன் பழையபடி மரம் ஏறியது, புற்றைத் தோண்டியது. மழைக்காலத்தில் மட்டும் கொன்றை கீழே நின்று குரல் கொடுக்கும். "பூதா! மேற்கே ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது?"

"மேகம் மறைக்கிறது, தெரியவில்லை! இன்றைக்குப் போக வேண்டாம்!" என்று பூதன் உரக்கச் சொல்லும்.

வாயை மூடிக்கொண்டு வாங்கும் பெருமையைவிட, வேண்டிய நேரத்தில் வாய் திறந்து சொல்லும் ஓர் உண்மையே மேலானது.