பவளராணியக்கா கதையாமல் நடந்த அரை மணித்தியாலம்

நோர்வேயின் வடக்குத் தொங்கலில் ஒரு மீன்பிடி ஊர். மாரிகாலத்தில் அங்கே கடலைத் தவிர மற்றதெல்லாம் உறைந்து கிடக்கும். அந்த ஊரில் தவமலர் என்று ஒரு பெண் இருந்தார். ஆட்களைப் பனிக்காட்டுக்குள் கூட்டிப்போய், சமைத்துக் கொடுத்து, கூட்டிப்போன மாதிரியே திருப்பிக் கொண்டுவருவதுதான் அவருடைய தொழில். அவரிடம் ஒரு மாணவர் இருந்தார். பெயர் குலவீரசிங்கம். குருவுக்கு முப்பத்தேழு வயது. மாணவருக்கு ஐம்பத்துநாலு.

முதல் கிழமை குலவீரசிங்கம் அவரைப் "பிள்ளை" என்று கூப்பிட்டார். இரண்டாம் கிழமை இடுப்பு மட்டும் பனிக்குள் புதைந்து, தவமலர் நீட்டிய தடியைப் பிடித்து மேலே ஏறினார். அன்றிலிருந்து "ரீச்சர்". தவமலர் மட்டும் கடைசி வரை "அண்ணை" என்பதை மாற்றவில்லை.

மீன் தொழிற்சாலை மூடின பிறகு வீட்டில் இருக்கத் தெரியாத மனுசன் அவர். மனைவி முதியோர் இல்லத்து வேலைக்குக் காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். அதுவரை இவர் யன்னலடியில் நிற்பார், கதவடியில் நிற்பார். கேத்திலை வைப்பார், தண்ணீர் கொதிக்க முன்னமே நிற்பாட்டுவார். மூன்று மாரிகாலம் தவமலரோடு நடந்து பனியில் பாதை போடப் பழகிவிட்டார். என்றாலும் தனியே ஆட்களைக் கூட்டிப்போகத் தவமலர் ஒருநாளும் விட்டதில்லை.

மாசி மாதம். இருண்டு கிடந்த வானத்துக்குச் சூரியன் திரும்பி வந்து மூன்று கிழமை. மறுநாளைக்கு இரண்டு கூட்டம் வருவதாக இருந்தது. கூட்டிப்போகிற ஆள் ஒன்று.

பனியில் சறுக்கும் இழுவை வண்டியில் கூழ்ப்பானையை வைத்துக் கட்டிக்கொண்டே குலவீரசிங்கம் கேட்டார்.

"நாளைக்கு ரெண்டாவது கூட்டத்தை ஆர் கூட்டிக்கொண்டு போறது, ரீச்சர்?"

"அந்தக் கயித்தை இன்னும் எப்பன் இறுக்குங்கோ."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோவன்."

"பின்னேரம் ஆறு மணிக்குள்ள முடிவு சொல்லோணும். ஆள் இல்லையெண்டால் வரவேண்டாம் எண்டு அறிவிப்பன்."

"ஆள் இல்லையெண்டாலோ? அப்ப நான் ஆர், தந்திக்கம்பமோ?"

தவமலர் சிரித்தார்.

"இண்டைக்கு நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ. எங்க நிக்கிறது, எப்ப நடக்கிறது எல்லாம் உங்கட பொறுப்பு. நான் வண்டியை இழுத்துக்கொண்டு கடைசியில வாறன்."

குலவீரசிங்கத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு.

வந்தவர்கள் நாலு பேர். எல்லாரும் லண்டன்காரர். அறுபது வயதுப் பவளராணி, அவருடைய கணவர் இராசநாயகம், இராசநாயகத்தின் தம்பி பெற்ற பெறாமகனும் அவன் புதிதாகக் கட்டின பெண்ணும். அவர்களைக் கொண்டுவந்த வானால் இறங்கின நிமிசத்திலிருந்து பவளராணியின் வாய் மூடவில்லை.

"தம்பி, இதென்ன, காலில சுளகைக் கட்டி விடுறியள்?"

"பனிச்சப்பாத்து, அக்கா. அகலமா இருந்தால்தான் பனிக்குள்ள தாழாது."

"நான் சும்மாவே தாழமாட்டன். இவரைக் கேளுங்கோ, நாப்பது வருசமா அமுக்கிப் பாக்கிறார்."

இராசநாயகம் தொண்டையைச் செருமினார். "இஞ்ச பனிக்கரடி இருக்கோ, தம்பி?"

"இல்லை அண்ணை."

"இருந்திருக்கும். இவ வாறா எண்டு கேள்விப்பட்டுப் போயிருக்கும்."

குலவீரசிங்கம் சிரிக்கவில்லை. குனிந்திருந்து ஒவ்வொரு காலாக வார் இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கண் வாரில், மற்றக் கண் மணிக்கூட்டில். பன்னிரண்டரைக்கு ஏரிக்கரையில் நிற்கவேண்டும். மூன்று மணிக்கு முன்னம் திரும்பவேண்டும். தவமலர் அந்தப்பக்கம் வண்டிக்குள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூண்டு சோடி மேசு காலில போட்டிருக்கிறன் தம்பி, குளிருக்கு. சப்பாத்துக்குள்ள கால் போகமாட்டன் எண்டிட்டுது. இவர்தான் முழங்காலால முட்டுக் குடுத்துத் தள்ளி விட்டவர்."

"நல்லது, நல்லது," என்றார் குலவீரசிங்கம். வார் சரியாகப் பூட்டிக்கொண்டது.

நடக்கத் தொடங்கினார்கள். புதுப்பனி முழங்கால் மட்டும் கிடந்தது. முன்னால் நடக்கிறவர் மிதித்துப் பாதை போட, மற்றவர்கள் அந்தத் தடத்திலேயே கால் வைத்து வருவார்கள். குலவீரசிங்கம் இருபது அடிக்கு ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். வரிசையின் தொங்கலில் தவமலரின் முகம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் வேகமாக நடந்தார்.

பவளராணி அவருக்குப் பின்னால், லண்டனில் இருக்கிற தன் மருமகளின் கதையைத் தொடங்கியிருந்தார். மருமகள் இடியப்ப உரலைப் பூச்சாடியாக வைத்திருக்கிறாள் என்ற இடத்துக்குக் கதை வந்தபோது பேர்ச் மரக்காடு வந்தது. வெள்ளை மரங்கள், வெள்ளைத் தரை. இந்த இடத்தில் சொல்வதற்கென்று குலவீரசிங்கம் மூன்று வருசமாக ஒரு பேச்சைப் பாடமாக்கி வைத்திருந்தார்.

கையைத் தூக்கி எல்லாரையும் நிற்பாட்டினார்.

"உலகத்தில இப்பிடி ஒரு அமைதி வேற எங்கையும் கிடையாது. கேக்கிறதுக்குக் காது மட்டும் போதும். இனிப் பத்து நிமிசம் ஒருத்தரும் கதைக்கப்படாது."

"அவள் அதில றோசாவை நட்டு..."

"அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான்."

பெறாமகனும் பெண்ணும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பவளராணி வாயை மூடிக்கொண்டார்.

நடந்தார்கள். பனியில் சப்பாத்துகள் சரக் சரக் என்றன. வேறு சத்தமில்லை. குலவீரசிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. திரும்பித் தவமலரைப் பார்த்தார். தவமலர் தலையைச் சரித்துக்கொண்டு எதையோ கேட்டபடி வந்தார். ரீச்சருக்கே பிடித்துவிட்டது என்று நினைத்தார் குலவீரசிங்கம்.

பத்து நிமிசம் முடிந்தது. "இனிக் கதைக்கலாம்," என்றார். பெறாமகன் உடனே படம் எடுப்பதைப் பற்றிக் கதைத்தான். இராசநாயகம் பசி என்றார். பவளராணி ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் பத்து நிமிசம் போனது. அப்போதும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தடத்துக்குள் தடம் வைத்து வந்தார்.

இவ்வளவு வாயாடியை ஒரு பேச்சால் அடக்கிவிட்டேனே என்று குலவீரசிங்கத்துக்குள் ஏதோ பொங்கியது. மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. கணக்காக வந்திருக்கிறது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

கடைசியிலிருந்து தவமலரின் குரல்.

"ஏரிக்கு இன்னும் இருவது நிமிசம்தான் ரீச்சர்."

"இஞ்ச நில்லுங்கோ. கூழ் இஞ்சதான்."

"இஞ்சயோ? இருக்கிறதுக்குப் பலகை அங்கதானே கிடக்கு. காத்து மறைப்பும் அங்கதான். நேரத்தைப் பாருங்கோ, சரியா வந்திருக்கிறம். எல்லாம் என்ர பொறுப்பு எண்டுதானே சொன்னனீங்கள்..."

தவமலர் வண்டியை விட்டு, மற்றவர்களைத் தாண்டி வந்து பவளராணிக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, ஏன் கதைக்கேல்லை?"

பவளராணியின் உதடு மெல்ல அசைந்தது. "தம்பி... கதைக்க வேண்டாம் எண்டவர்."

"அது எப்பவோ முடிஞ்சுது."

"பேந்து... கதைக்க மனம் வரேல்லை பிள்ளை."

"கால் எப்பிடி?"

"முதல் நொந்தது. இப்ப நோகேல்லை. இப்ப சுகமாயிருக்கு."

தவமலர் வண்டியை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்தார். வண்டியில் இருந்த பனிமான் தோலை விரித்து அவரை இருத்தினார். சப்பாத்தைக் கழற்றினார். கழற்ற வரவில்லை, இழுத்து எடுத்தார். ஒரு சோடி மேசு. அதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. இரத்தம் ஓட இடமில்லாத இறுக்கம். உள்ளே விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளுத்துக் கிடந்தன.

இராசநாயகம் கிட்ட வந்தார். பகிடி எல்லாம் போய்விட்டது. "விரல் போயிடுமோ பிள்ளை?"

"போகாது அண்ணை. வேளைக்குப் பிடிச்சாச்சு. இனி நோகும். நோகோணும்."

தவமலர் தன் குளிரங்கியைத் திறந்தார். உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டைகளை உயர்த்தி, இரண்டு பாதத்தையும் தன்னுடைய வயிற்றின் வெறும் தோலில் வைத்தார். வைத்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தார். அங்கியை மேலால் இழுத்துப் போர்த்தினாலும் முன்பக்கம் மூடவில்லை. காற்று அதற்குள்ளால் போய்வந்தது.

"அண்ணை. அடுப்பு."

குலவீரசிங்கம் பனியைத் தோண்டினார். அடியில் பச்சை பேர்ச் தடிகளைக் குறுக்காக அடுக்கினார். அப்படி அடுக்காவிட்டால் நெருப்பு பனியை உருக்கிக்கொண்டு தானும் தாழ்ந்துபோகும். மூன்று வருசமாகச் செய்கிற வேலை. இன்றோ முதல் நெருப்புக்குச்சி முறிந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது பற்றியது.

மீனும் நண்டும் இறாலும் வேகவைத்து, கட்டியாக உறையவிட்டுக் கொண்டுவந்த சாற்றைப் பானைக்குள் போட்டார். அது உருகக் காத்திருந்தார். பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவைக் கரைத்து வைத்திருந்தார், அதை விட்டார். துழாவினார். மாவைத் துழாவுகிறாரே தவிரக் காது அந்தப்பக்கம்தான். அந்தப்பக்கம் சத்தமே இல்லை. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத அந்த அமைதி அவருடைய பிடரியில் வந்து குந்தியிருந்தது.

கால் மணித்தியாலம் இருக்கும்.

"ஐயோ! ஆயிரம் ஊசி குத்துது! எடு பிள்ளை, காலை எடு! இஞ்சருங்கோ, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள் மாடு மாதிரி!"

"கத்துங்கோ அக்கா," என்றார் தவமலர். "நல்லாக் கத்துங்கோ."

விரல்கள் சிவந்து வந்தன. தவமலர் தன்னுடைய மாற்றுக் கம்பளி மேசு ஒரு சோடியை மட்டும் போட்டுவிட்டார். குலவீரசிங்கம் கூழை மரக்கோப்பைகளில் வார்த்து, முதல் கோப்பையைப் பவளராணியிடம் கொடுத்தார். பவளராணி ஒரு வாய் குடித்தார்.

"தம்பி, புளி காணாது."

குலவீரசிங்கம் பானைக்குள் இன்னும் கொஞ்சம் புளி விட்டார்.

பிறகு தன் கோப்பையோடு தவமலருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். குடிக்கவில்லை.

"வெளிக்கிடேக்கையே எனக்குச் சொன்னவ, ரீச்சர். மூண்டு சோடி எண்டு. வாயாலயே சொன்னவ."

"ம்."

"காதில விழுந்தது. நான் வாரை இறுக்கிக்கொண்டு நிண்டனான்."

தவமலர் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

"நாளைக்கு வாற ரெண்டாவது கூட்டத்தை வேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ."

"குடிச்சு முடியுங்கோ அண்ணை. வெளிச்சம் போகப்போகுது."

திரும்பி நடந்தார்கள். போட்ட பாதை கிடந்தது. முன்னால் நடந்து பாதை போட ஆள் தேவையில்லை. பெறாமகனும் பெண்ணும் முதலில் போனார்கள். பின்னால் இராசநாயகம். அவருக்குப் பின்னால் பவளராணி, விட்ட இடத்திலிருந்து. அந்த உரலில் றோசா நட்டதுமில்லாமல், அதை வரவேற்பறையில் வைத்து, வந்த ஆட்களுக்கு அது பழங்காலச் சிற்பம் என்று சொல்லியிருக்கிறாள்.

குலவீரசிங்கம் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எல்லாரும் போன பிறகு வண்டிக் கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

"தாங்கோ ரீச்சர்."

தவமலர் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

இப்போது குலவீரசிங்கம்தான் கடைசி. மணிக்கூடு கையுறைக்குள் போய்விட்டது, அவர் வெளியே எடுக்கவில்லை. முன்னால் போகிற காலடிகளைக் கேட்டார். பெண்ணின் வலது வாரில் ஏதோ தளர்ந்து டக் டக் என்றது. இராசநாயகம் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, இறக்கத்தில் செருமினார். பவளராணி பவளராணிதான். எல்லாம் கேட்டது. எல்லாம் கேட்டும் அவருக்கு நிம்மதி இல்லை. ஏதோ ஒன்று குறைந்தது. பல்லுக்குள் சிக்கின நார் மாதிரி அது அவரை விடவில்லை.

வேறு நாட்களில் தவமலர் கடைசியில் வந்தாலும் சும்மா வருவதில்லை. "தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?" என்று ஒருவரைக் கேட்பார். "அண்ணை, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று இன்னொருவரை. பதில் வரும் வரை விடமாட்டார். குலவீரசிங்கம் அதைப் பெட்டையின் தொணதொணப்பு என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இன்று தவமலர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைக் கேட்டவுடன் கொடுத்ததும் அவருடைய வழக்கமில்லை.

குலவீரசிங்கம் கயிற்றைப் போட்டார்.

"எல்லாரும் நில்லுங்கோ!"

"வான் நிக்கிறது தெரியுது தம்பி," என்று இராசநாயகம் முன்னாலிருந்து கத்தினார். "பத்து நிமிசம்தான்."

"நில்லுங்கோ எண்டுறன்!"

தவமலரின் தோளைப் பிடித்து வண்டியில் இருத்தினார். பனிமான் தோலை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டினார். தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அதற்கு மேலால் இன்னொரு சுற்று. சுடுபோத்தலில் எடுத்து வைத்திருந்த கூழைக் கோப்பையில் வார்த்தார். கொடுத்தபோது தவமலரின் விரல்கள் அதைச் சுற்றி மடங்கவில்லை. குலவீரசிங்கம் கோப்பையை விடாமல் வாயடியில் பிடித்தார்.

"என்னண்ணை இது. ஆக்கள் பாக்கினம்."

"குடியுங்கோ."

குடித்தார். பல்லு கோப்பையில் பட்டுக் கிடுகிடுத்தது. இன்னொரு வாய். இன்னொன்று. கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. முன்னால் பவளராணி திரும்பி நின்று, நிற்கிற நேரத்தையும் வீணாக்காமல், பெறாமகனின் பெண்ணுக்கு உரலின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தவமலர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குக் குளிருது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, ரீச்சர்."

தவமலர் மிச்சக் கூழையும் குடித்துக் கோப்பையைப் பனியில் கவிழ்த்தார்.

"ரெண்டாவது கூட்டத்தில ஏழு பேர், அண்ணை. காலமை ஒன்பது மணிக்கு வந்திடுங்கோ."