கீரியை உள்ளே விடாத இருநூறு பெட்டிகள்

தேக்கங்காட்டில் இருநூறு மரங்களில் இருநூறு பெட்டிகள் தொங்கின. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி. ஏரியில் தண்ணீர் ஏறினால் கரையோரப் பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் பள்ளத்தில் குடியிருந்த முள்ளம்பன்றியின் வளை வாசலில் மணி அடிக்கும். உடனே அது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடும்.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை மரங்கொத்திக்கும் கீரிக்கும். மரங்கொத்தி மரம் மரமாகப் பறந்து, பெட்டி பெட்டியாக அலகால் கட்டளை தட்டும். ஒரு மாற்றம் செய்ய ஒரு வாரம் ஆகும். அதிலும் பத்துப் பெட்டிகளிலாவது தப்பாகத் தட்டியிருக்கும்.

கீரிக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல். அது ஒரு நிரல் எழுதிவிட்டது. புற்றுக்குள் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இருநூறு பெட்டிகளுக்கும் கட்டளை போய்விடும். கெட்டிக்காரக் கீரிதான், சந்தேகமில்லை. அது கீரிக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை.

அந்த மழைக்காலத்தில் பக்கத்துக் காட்டு நரிகள் பெட்டிகளுக்குள் புகுந்து, காட்டுக்கோழிகளுக்கு விருந்து அழைப்பு அனுப்பத் தொடங்கின.

“இனிமே பட்டியல்ல பேர் இருக்கிறவங்க சொன்னாத்தான் பெட்டி கேட்கும். மத்தவங்களை உள்ளேயே விடாது,” என்றது கீரி.

“முதல்ல ஒரு பெட்டியில போட்டுப் பாரேன்,” என்றது மரங்கொத்தி.

“ஒரு பெட்டின்னாலும் இருநூறு பெட்டின்னாலும் எனக்கு ஒரே பொத்தான்தான் அக்கா!”

அழுத்தியது. கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று கீரி முதல் பெட்டிக்குள் நுழையப் பார்த்தது.

“யார் நீ?” என்றது பெட்டி.

“நான்தான், கீரி.”

“பட்டியலில் இல்லை.”

அடுத்த பெட்டியும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும் அப்படியே. கீரி நிரலைத் திறந்து பார்த்தது. விதியெல்லாம் சரி, பட்டியல்தான் காலி. அவசரத்தில் ஒரு பெயர்கூட எழுதவில்லை. இப்போது எந்தப் பெட்டியும் கீரி பேச்சைக் கேட்காது, மரங்கொத்தி தட்டினாலும் கேட்காது, பக்கத்துப் பெட்டி பேச்சையும் கேட்காது.

மழை வலுத்தது. ஏரியைச் சுற்றிப் பார்த்த மரங்கொத்தி பதறிக்கொண்டு வந்தது.

“தண்ணி கரை தாண்டுது. கரையோரப் பெட்டி கத்திக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் காதுல வாங்கல. நான் போய் முள்ளம்பன்றியைக் கூப்பிட்டேன். ‘நேத்து நரியும் இப்படித்தான் கூப்பிட்டுச்சு, மணி அடிச்சா வரேன்’னு உள்ளேயே உட்கார்ந்திருக்கு.”

வளைக்குள் மூன்று குட்டிகள். முள்கூட இன்னும் கெட்டியாகாத குட்டிகள்.

ஒரே ஒரு வழி இருந்தது. பெட்டியிலேயே நேராகக் கம்பியைச் செருகினால் அது யார் என்று கேட்காது. கீரி கம்பியை வாயில் கவ்விக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. வழியில் தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது; வளை வாசலை மட்டும் இன்னும் எட்டவில்லை. வளை வாசல் பெட்டியில் கம்பியைச் செருகி மணியை அடித்தது.

“இதை முன்னாலேயே அடிக்கிறதுக்கென்ன?” என்று திட்டிக்கொண்டே முள்ளம்பன்றி குட்டிகளோடு வெளியே வந்து மேட்டுக்கு ஏறியது. அந்தத் திட்டு கீரியின் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

மிச்சமிருந்த பெட்டிகளிலிருந்து அந்த விதியை எடுக்கக் கீரி கம்பியும் கையுமாக ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கியது. ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள், “இந்த நிரலே வேண்டாம் அக்கா,” என்றது.

“தூக்கிப் போட்டுடாதே. எனக்கு அலகு வலிக்குது,” என்றது மரங்கொத்தி.

கீரி இந்த முறை பெயர்களை எழுதி, ஒரு பெட்டிக்கு மட்டும் அனுப்பியது. உள்ளே போய்ப் பார்த்தது. பிறகு பத்துக்கு அனுப்பிப் பார்த்தது. பிறகு எல்லாவற்றுக்கும் அனுப்பியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. நரிகள் வெளியே நின்றன.

ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தவரால் அதே பொத்தானில் எல்லாவற்றையும் கெடுக்கவும் முடியும். ஆகவே எந்த மாற்றத்தையும் முதலில் ஓரிடத்தில் செய்து பார்த்த பிறகே மற்ற இடங்களுக்கு அனுப்ப வேண்டும்.