கேட்டால் பதில் சொல்லும் கணக்கு

"டீச்சர், எம் பிள்ளை கேட்ட உடனே பதில் சொல்லிருதான். வீட்டுக்குத்தான் வர மாட்டேங்கான்."

சொன்னவள் செல்லக்கனி. வயது ஐம்பத்தாறு. மாவு மில் வைத்திருப்பவள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் நஸீமா. வயது இருபத்தேழு. பஸ் ஸ்டாண்டு மாடியில் பிளாக்செயின் வகுப்பு எடுப்பவள். பிளாக்செயின் என்றால், யாரும் அழிக்க முடியாத, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் பேரேடு.

வகுப்பில் ஒன்பது பேர். எட்டு பேர் வேலை தேடி வந்தவர்கள். ஒன்பதாவது ஆள் பிள்ளையைத் தேடி வந்தவள்.

பிள்ளை பெயர் இசக்கித்துரை. கம்ப்யூட்டர் வேலை. அவன் விரும்பிய பெண்ணை இவள் வேண்டாம் என்றாள். பேச்சு முற்றி, "இனி எம் முகத்துல முழிக்காத" என்றும் சொல்லிவிட்டாள்.

அவன் முழிக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. போன் நம்பர்கூட மாறிப் போச்சு.

போகிற அன்றைக்கு அம்மாவின் போனில் ஒரு பொத்தானை மட்டும் வைத்துவிட்டுப் போனான். அமுக்கினால், 'சாப்ட்டியாய்யா?' என்று பிளாக்செயின் வழியாகப் போகும்.

ஒரு கணக்கிலிருந்து பதில் வரும். 'சாப்ட்டேம்மா.'

தினமும் மத்தியானம் கேட்பாள். பதிலைப் பார்த்த பிறகுதான் தன் சோற்றில் கை வைப்பாள்.

"பதில் வர எவ்வளவு நேரமாகும்?" என்றாள் நஸீமா.

"பத்து எண்ணுறதுக்குள்ள வந்துரும்."

"பெரியம்மா, உலகத்துல எந்தப் பிள்ளையும் அம்மாவுக்கு அவ்வளவு வேகமா பதில் போட்டதில்ல."

எட்டு பேரும் சிரித்தார்கள். செல்லக்கனி சிரிக்கவில்லை.

மறுநாள் நஸீமா ஒரு தூக்குவாளி நிறைய கேப்பையோடு மில்லுக்கு வந்தாள்.

"மில்லு நல்லா ஓடுதா?"

"இருபது வருஷமா ஓடுது. கேப்பையப் போட்டா கேப்பை மாவு, கோதுமையப் போட்டா கோதுமை மாவு. ஒரு நாள் மாத்திக் குடுத்ததில்ல."

"என்னைக்காவது, நஸீமா வீட்டுல மாவு தீந்திருக்குமேன்னு அதுவா நெனச்சு ஓடியிருக்கா?"

"மில்லு எப்படி நெனைக்கும்? கிறுக்கா உனக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டீச்சர்."

நஸீமா போனைக் கேட்டு வாங்கினாள்.

"பிளாக்செயின்ல கணக்கு ரெண்டு வகை, பெரியம்மா. ஒண்ணுக்குச் சாவி உண்டு. சாவி வச்சிருக்கிற ஆளு நெனச்சா எழும்பும். நெனைக்கலேன்னா இல்ல."

"இன்னொண்ணு?"

"அதுக்குச் சாவியே கிடையாது. உள்ள எழுதி வச்சிருக்கும். யாராவது வந்து தட்டினா, எழுதினபடி செய்யும். தட்டலேன்னா நூறு வருஷம் ஆனாலும் சும்மா கிடக்கும்."

"பாத்தா தெரியாதா?"

"தெரியாது. ரெண்டுக்கும் ஒண்ணு போல நீளமா ஒரு நம்பர்தான். உள்ள தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்போ எனக்குப் பதில் சொல்றது எது?"

நஸீமா மில்லின் மேல் கை வைத்தாள்.

செல்லக்கனி கோதுமை மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். கேப்பை அரைபட்டு முடிந்து, மில் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

கடைசியில் நஸீமாதான் அணைத்தாள்.

"ரெண்டு வருஷமா மில்லுகிட்டயா பேசிட்டுக் கிடந்தேன்?"

நஸீமா போனில் இன்னொரு நீள நம்பரைக் காட்டினாள். "பதில் சொல்ற கணக்க எழுதி வச்சது இந்தக் கணக்கு. இதுக்குச் சாவி உண்டு."

"சாவி யாருட்ட?"

"உங்க பிள்ளைகிட்ட."

செல்லக்கனி அந்த நம்பரை விரலால் தடவினாள். "இது கடைசியா எப்ப எழும்புச்சு?"

"அவரு போன அன்னைக்கு."

"இத எழுப்ப நான் என்ன செய்யணும்?"

"மூணு நாளைக்குப் பொத்தான அமுக்காதீங்க."

"ஐயோ, அவன் சாப்ட்டானான்னு..."

"மில்லுக்குப் பசிக்காது, பெரியம்மா."

நஸீமா மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் மத்தியானம் விரல் பொத்தான் வரைக்கும் போனது. போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

இரண்டாம் நாள் சோற்றைப் போட்டு முன்னால் உட்கார்ந்தாள். இறங்கவில்லை. அள்ளி நாய்க்கு வைத்தாள்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரி வந்து சண்டை பிடித்தாள். "என்ன மதினி, மிளகா அரச்ச கல்லுலயே அரிசியப் போட்டுட்டீங்க? புட்டுல கண்ணெரியுது!"

நான்காம் நாள் மத்தியானம் போன் சத்தம் போட்டது. அரிசிக்குள்ளிருந்து எடுத்து, பார்க்காமலே முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினாள்.

நஸீமா அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தாள்.

"எங்கயிருந்து வந்திருக்குன்னு மட்டும் பாருங்க டீச்சர். என்ன எழுதியிருக்குன்னு சொல்லாதீங்க."

நஸீமா வாங்கி, அந்த நீள நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள்.

"இது மில்லு இல்ல, பெரியம்மா."

போனைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள்.

'ஏம்மா மூணு நாளா கேக்கல? தெனமும் பாத்துட்டே இருந்தேன். நீ சாப்ட்டியா?'

செல்லக்கனி ஒரு தடவை படித்தாள். உதட்டை அசைத்து இன்னொரு தடவை படித்தாள்.

பிறகு டிபன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பெரியம்மா, முதல்ல அவருக்குப் பதில் போடுங்க!"

"இரும்மா," என்றாள் செல்லக்கனி, வாய் நிறையச் சோற்றோடு. "சாப்ட்டேன்னு எழுதணும்லா?"