பதிவேட்டில் சைவமான நரி

ஆற்றோரக் காட்டில் தோகையார் என்று ஒரு மயில் இருந்தார். காட்டு மிருகங்களின் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதிவேடு என்றால் உயரத்தில் ஒரு குகை வாசலில், மழை படாத இடத்தில் இருந்த பெரிய தட்டைப் பாறை. அதில் கரித்துண்டால் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மிருகத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் பெயர், இருப்பிடம், உணவு என்று மூன்று கட்டம். யாரைப் பற்றி எதைக் கேட்டாலும் தோகையார் நொடியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அது விளையாட்டுக்கு எழுதியது அல்ல. போன மழைக்காலத்தில் வெள்ளம் வந்தபோது எல்லோரும் கிடைத்த மேட்டில் ஏறினார்கள். வெள்ளம் கொண்டுபோனவர்களைவிடப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இரையானவர்கள்தான் அதிகம்! அதனால் யானை ஓர் ஏற்பாடு செய்தது. இலை தழை தின்பவர்களுக்குக் கிழக்கு மேடு. மாமிசம் தின்பவர்களுக்கு மேற்கு மேடு. யாருக்கு எந்த மேடு என்பதைப் பாறையைப் பார்த்துத் தோகையார் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பூவாயி என்ற முயல் தன் நான்கு குட்டிகளோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயா, கரித்துண்டைப் பாறை மேலயே போட்டுட்டுப் போறீங்களே! வர்றவன் போறவன் எல்லாம் கை வைக்கிறான்!"

"வைக்கட்டுமே! அவனவன் விவரம் அவனவனுக்குத்தானே தெரியும்? நான் புதர் புதரா ஏறி இறங்கி விசாரிக்கணுமா?"

"அப்போ மாத்தி எழுதினது நிஜமான்னு யாருங்க பார்க்கிறது?"

"என் பாறையில பொய் ஏறாது!" என்று சொல்லித் தோகையை விரித்தார் தோகையார். பதில் இல்லாதபோதெல்லாம் அவர் செய்கிற வேலை அது. பூவாயி தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது. ஆறு கரையை உடைத்தது. யானை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு நின்றது. தோகையார் பாறையைப் பார்த்துக் கூவினார்.

"முயல், கிழக்கு மேடு! மான், கிழக்கு மேடு! நரி... உணவு, இலை தழை. கிழக்கு மேடு!"

பூவாயி அலறினாள்.

"ஐயா! நேத்து என் தங்கச்சியைத் தின்னவன் இவன்! வாயில இன்னும் முடி ஒட்டியிருக்கு பாருங்க!"

தோகையார் பார்த்தார். முடி ஒட்டியிருக்கத்தான் செய்தது. ஆனால் பாறையில் முடிக்கென்று கட்டம் இல்லையே!

"அவன் வாயை நான் எதுக்குப் பார்க்கணும்? பாறையில இலை தழைன்னு தெளிவா இருக்கு!"

நரி பயபக்தியோடு கும்பிட்டது. "இந்தக் காட்டுல ஒழுங்கா வேலை பார்க்கிறது ஐயா ஒருத்தர்தான்!"

தோகையாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யானையும் மறுபேச்சுப் பேசாமல் நரியைக் கிழக்கு மேட்டில் இறக்கிவிட்டு அடுத்தவரைத் தூக்கப் போனது.

சுற்றிலும் வெள்ளம். பூவாயி எங்கே ஓடுவாள்? குட்டிகளை ஒரு முட்புதருக்குள் தள்ளினாள். தானும் உள்ளே நுழைந்து, அவற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு உடம்பெல்லாம் முள் கீறி ரத்தம்.

"முட்டாள் ஜனங்களா! பதிவை நம்பினா ஒண்ணும் ஆகாதுன்னு நான் காட்டுறேன், பாருங்க!" என்றார் தோகையார். பறந்து வந்து நரியின் பக்கத்திலேயே சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார்.

மதியம் ஆனது. நரிக்குப் பசித்தது. புதரைப் பார்த்தது. ஒரே முள். பக்கத்தில் பார்த்தது. கொழுகொழுவென்று மயில். ஒரே பாய்ச்சல்!

"ஐயோ! நீ இலை தழை தின்கிறவன்னு எழுதியிருக்கே!" என்று அலறினார் தோகையார்.

"எழுதினதே நான்தானுங்களே!" என்றது நரி, வாய் நிறைய இறகோடு.

அலறலைக் கேட்டு யானை ஓடி வந்தது. நரியைத் துதிக்கையால் சுருட்டி மேற்கு மேட்டில் வீசியது. தோகையாருக்கு உயிர் மிஞ்சியது, தோகை மிஞ்சவில்லை.

வெள்ளம் வடிந்ததும் கரித்துண்டைப் பூவாயியிடம் கொடுத்தார்கள். விவரத்தை மாற்ற வருகிறவர் அக்கம்பக்கத்தார் இருவரைக் கூட்டிவர வேண்டும். அவர்கள் ஆமாம் என்றால்தான் அவள் எழுதுவாள். நரி மட்டும் இதுவரை யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

நீதி: யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் சரிபார்க்க வேண்டாம் என்று விட்ட பதிவேடு பொய்யனுக்குத்தான் காவல் நிற்கும்.